"ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம்" ஏன் பிழை? ஆங்கிலப் பெயரடையும் அதன்பின் வரும் டு-வினையும்

1. கோட்டைக்கணக்கர் (திங்கள், இரவு 8.40)

அனைவருக்கும் வணக்கம். இக்களத்தின் வழக்கப்படி ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாசிக்கத் தடுமாறினால் ஒருமுறை உரத்துச் சொல்லிப் பாருங்கள்.

நான் தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு, கொழும்புக் கோட்டையில் உள்ள ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பதினோராவது ஆண்டாக வேலை செய்கிறேன். சென்ற வாரம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருவது எனக்குக் கஷ்டம் என்பதை முகாமையாளருக்குத் தெரிவிக்க, "ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம் ஒன் ஃப்ரைடே" என்று மின்னஞ்சல் அனுப்பினேன். "யூ ஆர் நெவர் டிஃபிகல்ட், கம் ஒன் மன்டே" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவர் என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றியும் எழுதிவிட்டேன். பக்கத்து மேசையில் இருப்பவர் அந்தப் பதிலைப் பார்த்துச் சிரித்தபோதுதான் ஏதோ பிழைத்துவிட்டது என்று விளங்கியது.

சரியான வடிவம் "இட் இஸ் டிஃபிகல்ட் ஃபோ மீ டு கம்" என்று அவரே சொல்லித் தந்தார். ஆனால் ஏன் என்று கேட்டதற்கு அவரிடம் விடை இல்லை. "ஹீ இஸ் டிஃபிகல்ட் டு ப்ளீஸ்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அங்கே ஆளை எழுவாயாக வைத்தது சரியென்றால் என் வாக்கியத்தில் மட்டும் ஆள் எழுவாயாக நிற்கக் கூடாதா? "ஐ ஆம் அஃப்ரெய்ட் டு கம்" சரி, "ஐ ஆம் ரெடி டு கம்" சரி, "ஐ ஆம் லைக்லி டு கம்" கூடச் சரி. டிஃபிகல்ட் என்ற சொல்லுக்கு மட்டும் என்னோடு என்ன பகை?

2. மாலைவகுப்பு (திங்கள், இரவு 9.25)

தம்பி, வெள்ளவத்தையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சாதாரண தர மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். உங்கள் வாக்கியத்தை மாதத்துக்கு ஒருமுறையாவது விடைத்தாளில் காண்கிறேன். ஆகையால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"ஹீ இஸ் டிஃபிகல்ட் டு ப்ளீஸ்" என்பதில் மகிழ்விப்பவர் யார்? மற்றவர்கள். மகிழ்விக்கப்படுபவர் யார்? அவர். அதாவது, எழுவாயின் இடத்தில் நிற்கும் அந்த மனிதர் உண்மையில் ப்ளீஸ் என்ற வினையின் செயப்படுபொருள். இதை வகுப்பில் 100ஆம் இலக்கப் பேருந்தை வைத்து விளக்குவேன். டிஃபிகல்ட், ஈஸி, ஹார்ட், இம்பொசிபிள், டேஞ்சரஸ், ப்ளெசன்ட் போன்ற பெயரடைகள் அந்தப் பேருந்தின் நடத்துநரைப் போன்றவை. "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கத்தி, பின்னால் இருப்பவரை முன்னுக்கு அனுப்புவதே அவற்றின் வேலை. பின் ஆசனத்தில் இருந்த செயப்படுபொருள் எழுந்து முன்னுக்குப் போய் எழுவாயாக நிற்கும். பின் ஆசனம் வெறுமையாகக் கிடக்கும்.

இப்போது உங்கள் வாக்கியத்துக்கு வருவோம். கம் என்ற வினைக்குச் செயப்படுபொருளே கிடையாது. பின் ஆசனமே இல்லாத இடத்திலிருந்து யாரை முன்னுக்கு அனுப்புவது? வருபவர் நீங்கள், வருபவரை இந்த நடத்துநர் முன்னுக்கு விடமாட்டார். அவர் "ஃபோ மீ" என்று நடுவில்தான் நிற்க வேண்டும். முன்னிடத்தை நிரப்ப "இட்" என்ற வெற்றுச் சொல் வந்து நிற்கும்.

மாணவர்கள் எழுதும் "திஸ் புக் இஸ் ஈஸி டு ரீட் இட்" என்ற வாக்கியமும் இதனால்தான் பிழை. ஆள் எழுந்து முன்னுக்குப் போன பிறகு அந்த ஆசனத்தில் இன்னொரு பொதியை வைத்ததுபோல அந்த "இட்" கிடக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும்.

3. இரட்டைஏடு (திங்கள், இரவு 10.10)

ரீச்சர் சொன்னது ஆங்கிலத்தின் பக்கம். நான் மொழிபெயர்ப்பாளன் என்பதால் தமிழின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தைக் கணக்கர் ஏன் அப்படி எழுதினார் என்பதற்கான காரணம் தமிழில்தான் இருக்கிறது.

"எனக்குப் பயம்", "எனக்கு விருப்பம்", "எனக்குச் சந்தோஷம்", "எனக்குக் கவலை" என்கிறோம். எல்லாம் நான்காம் வேற்றுமை. இவற்றை ஆங்கிலத்தில் பெயரடையோடு சொல்லும்போது "ஐ ஆம் அஃப்ரெய்ட்", "ஐ ஆம் கிளாட்", "ஐ ஆம் சொறி" என்று "எனக்கு" முழுவதையும் எழுவாயாக மாற்றிக்கொள்ளப் பழகிவிட்டோம். ஆனால் "எனக்குக் கஷ்டம்", "எனக்கு வசதி", "எனக்கு அவசியம்", "எனக்கு முக்கியம்" என்பவையும் தமிழில் அதே அச்சில் வார்த்தவை. அதே பழக்கத்தில் "ஐ ஆம் டிஃபிகல்ட்", "ஐ ஆம் கன்வீனியன்ட்", "ஐ ஆம் நெசசரி" என்று எழுதிவிடுகிறோம். தமிழுக்கு ஒரே அச்சாக இருப்பதை ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது. பயமும் விருப்பமும் என் மனத்தில் இருப்பவை. ஆகவே அவற்றுக்கு நான் எழுவாய் ஆகலாம். கஷ்டமும் வசதியும் அவசியமும் வேலையின் தன்மைகள். அவற்றுக்கு நான் வெறும் "ஃபோ மீ".

கொழும்பில் இந்தப் பிழை இவ்வளவு காலம் பிடிபடாமல் உலவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிங்களத்திலும் "மட்ட" என்று நான்காம் வேற்றுமையில்தான் சொல்வார்கள். "மட்ட அமாருயி" என்பது "எனக்குக் கஷ்டம்" என்பதன் அச்சுப் பிரதி. எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் தாய்மொழி ஒரே பக்கம் சாயும்போது, நடுவில் உள்ள ஆங்கிலம் கோணலாக இருப்பது இருவர் கண்ணிலும் படாது. கணக்கரின் முகாமையாளர் கண்டுபிடித்தது கணக்கரின் துரதிர்ஷ்டம்.

4. புறவயம் (செவ்வாய், காலை 7.05)

நான் மொழியியல் மாணவன். இரட்டைஏடு அண்ணா சொன்ன காரணத்தை ஏற்றுக்கொள்கிறேன். அதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

"ஜோன் இஸ் ஈகர் டு ப்ளீஸ்", "ஜோன் இஸ் ஈஸி டு ப்ளீஸ்" என்ற இரு வாக்கியங்களை 1960களில் அமெரிக்க மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மேற்பார்வைக்கு இரண்டும் ஒரே எலும்புக்கூடு. ஒரு சொல்தான் வேறு. ஆனால் முதலாவதில் ஜோன் மகிழ்விப்பவன், இரண்டாவதில் மகிழ்விக்கப்படுபவன். வாக்கியத்தின் வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து இலக்கணம் எழுத முடியாது என்பதற்கு அவர் காட்டிய சான்றுகளில் இது மிகவும் பெயர் பெற்றது. ரீச்சர் பேருந்தில் ஏற்றிய இரண்டாவது வகைக்கு மொழியியலில் "டஃப் மூவ்மென்ட்" என்று பெயர். டஃப் என்ற பெயரடை இந்த வகையைச் சேர்ந்ததால் வந்த பெயர் அது. 2002இல் வெளிவந்த ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோரின் பெரிய ஆங்கில இலக்கண நூல், இந்த டு-வினைத் தொடரை உள்ளே வெற்றிடம் கொண்டது என்று வருணிக்கிறது.

தமிழில் இப்படிச் செயப்படுபொருளை எழுவாயாக்கும் வழக்கமே இல்லை. "அவரை மகிழ்விப்பது கஷ்டம்" என்று இரண்டாம் வேற்றுமை உருபை விடாமல் பிடித்துக்கொண்டுதான் சொல்கிறோம். எனவே தமிழ் மாணவருக்கு இந்த அமைப்பு முற்றிலும் அந்நியம் என்பதே என் கருத்து.

5. இரட்டைஏடு (செவ்வாய், காலை 8.30)

தம்பி புறவயம், "வழக்கமே இல்லை" என்று எழுதுவதற்கு முன் ஒரு வாய் தேநீர் குடித்திருக்கலாம். "செயற்கரிய செய்வார் பெரியர்" என்று இருபத்தாறாம் குறள் தொடங்குகிறது. செயற்கு அரிய என்றால் என்ன? செய்வதற்கு அரியவை. அரியவை எவை? செய்யப்படும் காரியங்கள். செய்தல் என்ற வினையின் செயப்படுபொருளே அரிய என்ற பண்பைத் தாங்கி நிற்கிறது. வினையின் பின்னால் அதற்குரிய இடம் வெறுமையாக இருக்கிறது. "ஹார்ட் டு டூ" என்பதற்கு இதைவிட நேரான தமிழ் கிடைக்காது.

இன்றைய பேச்சிலும் உண்டு. "வாசிக்க எளிதான புத்தகம்", "நம்பக் கஷ்டமான கதை", "விழுங்கக் கஷ்டமான குளிசை" என்று நாள்தோறும் சொல்கிறோம். புத்தகம் வாசிக்கப்படுவது, கதை நம்பப்படுவது, குளிசை விழுங்கப்படுவது. நான் பார்த்த அளவில், பொருள்களை எழுவாயாக வைக்கும் இடங்களில் நம்மவர்கள் பெரும்பாலும் பிழைவிடுவதில்லை. "திஸ் புக் இஸ் ஈஸி டு ரீட்" என்று சரியாகவே எழுதுகிறார்கள். வாக்கியத்தில் மனிதர் ஒருவர், குறிப்பாக "எனக்கு", நுழைந்தவுடன்தான் வண்டி தடம் புரள்கிறது.

அந்த "எனக்கு" எங்கே போக வேண்டும் என்பதற்கும் குறளிலேயே விடை இருக்கிறது. "சொல்லுதல் யார்க்கும் எளிய" (664). எளியது எது? சொல்லுதல். யார்க்கு? யார்க்கும். "இட் இஸ் ஈஸி ஃபோ எனிவன் டு சே." யார்க்கும் என்பதில் உள்ள "கு"வைக் கழற்றிவிட்டு "யாரும் எளியர் சொல்ல" என்று வள்ளுவர் எழுதியிருந்தால் அது கணக்கரின் மின்னஞ்சலாகியிருக்கும்.

6. புறவயம் (செவ்வாய், காலை 8.52)

தோல்வியை ஒப்புக்கொள்கிறேன், அண்ணா. "வழக்கமே இல்லை" என்பதை "முற்றுவினையாக வரும்போது மனிதரை எழுவாயாக்குவது அரிது" என்று திருத்திக்கொள்கிறேன்.

அப்படியானால் ஒரு சுருக்க வாய்பாடு கிடைக்கிறது. கஷ்டம், எளிது போன்ற தன்மைச் சொற்களுக்குத் தமிழ் வாக்கியத்தில் "ஐ" உருபு ஏற்ற சொல் ஆங்கிலத்தில் எழுவாயாகலாம். "கு" உருபு ஏற்ற சொல் "ஃபோ"வோடு நிற்கும். (இங்கே "ஐ" என்பது இரண்டாம் வேற்றுமை உருபு, ஆங்கிலத்தின் "ஐ" அல்ல. இந்தக் களத்தின் எழுத்து விதிக்கு நாம் கொடுக்கும் விலை இது.)

இந்த அமைப்பு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிறுவர்களுக்கே தாமதமாகத்தான் பிடிபடுகிறது என்பதும் ஆறுதலான செய்தி. சோம்ஸ்கியின் மனைவி கரோல் சோம்ஸ்கி, ஐந்து முதல் பத்து வயது வரையான 40 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 1969இல் வெளியிட்டார். கண்கள் கட்டப்பட்ட ஒரு பொம்மையைக் காட்டி, "இந்தப் பொம்மை ஈஸி டு ஸீயா, ஹார்ட் டு ஸீயா?" என்று கேட்டார். பொம்மை குழந்தையின் கண்முன்னே இருக்கிறது. ஆகவே சரியான விடை ஈஸி. ஆனால் வயதில் சிறியவர்கள் பலர் ஹார்ட் என்றார்கள். பொம்மையால் பார்க்க முடியவில்லையே என்பது அவர்கள் கணக்கு. எளிதாக்கிக் காட்டு என்றதும் கட்டை அவிழ்த்தார்கள்.

7. பம்பலப்பிட்டி அம்மா (செவ்வாய், பிற்பகல் 3.15)

மேலே உள்ளதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. என் மகளுக்கு ஆறு வயது. ஆங்கில மொழிமூலம் படிக்கிறாள். பாடசாலையால் வந்ததும் அவளுடைய பொம்மையின் கண்ணை என் நீல லேஞ்சியால் கட்டி, சோபாவில் நேராக இருத்தி, "இஸ் த டோல் ஈஸி டு ஸீ ஓர் ஹார்ட் டு ஸீ?" என்று கேட்டேன். "ஹார்ட்" என்றாள். ஏன் என்றதற்கு, "பிகோஸ் யூ டைட் ஹெர் ஐஸ்" என்றாள், நான் ஏதோ கொடுமை செய்துவிட்டதைப் போல. எளிதாக்கு என்றேன், லேஞ்சியை உருவி எறிந்துவிட்டாள்.

சற்றுப் பொறுத்து மீண்டும் கட்டிவிட்டு, தமிழில் கேட்டேன். "பொம்மையைப் பார்க்கிறது கஷ்டமோ?" என்றதற்கு, "இல்லையே, இஞ்சைதானே இருக்கிறாள்" என்றாள். "பொம்மைக்குப் பார்க்கிறது கஷ்டமோ?" என்றேன். "ஓம்! கண்ணை அவிழ்த்து விடுங்கோ அம்மா" என்றாள். ஆங்கிலத்தில் தடுக்கி விழுந்த அதே பிள்ளை, தமிழில் இரண்டு கேள்விக்கும் யோசிக்காமல் சரியாக விடை சொல்லிவிட்டது. "ஐ" உருபும் "கு" உருபும் விடையைக் கையிலேயே கொடுத்துவிடுகின்றன. ஆங்கிலமோ இரண்டு உருபையும் கழற்றி எறிந்துவிட்டு "த டோல்" என்று மொட்டையாக நிறுத்திவிட்டுக் குழந்தையைத் தவிக்க விடுகிறது.

8. புறவயம் (செவ்வாய், பிற்பகல் 4.02)

ஒரு குழந்தையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று எங்கள் விரிவுரைகளில் சொல்லித் தருகிறார்கள். ஆனாலும், அக்கா, இதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

9. ஈயஎழுத்து (செவ்வாய், இரவு 7.30)

நான் ஓர் ஆங்கில நாளிதழில் ஒப்புநோக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். உருபுகளை வைத்து நீங்கள் போடும் வாய்பாடுகள் அழகானவைதான். ஆனால் லைக்லி, ஷுவர், பொசிபிள் என்ற மூன்று சொற்களும் அந்த வாய்பாட்டுக்குள் அடங்காது என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

லைக்லி என்ற சொல் எழுவாயைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. "த ட்ரெயின் இஸ் லைக்லி டு பி லேட்" என்றால் புகையிரதத்துக்கு ஏதோ பண்பு இருப்பதாகப் பொருள் இல்லை. தாமதமாகும் என்ற நிகழ்வு முழுவதற்கும் வாய்ப்பு உண்டு என்பதே பொருள். ஆகவேதான் அதற்கு எழுவாயாக எதுவும் வரலாம். மழைக்கு "இட் இஸ் லைக்லி டு ரெயின்", வேலைநிறுத்தத்துக்கு "தேர் இஸ் லைக்லி டு பி எ ஸ்ட்ரைக்." இந்த "இட்", "தேர்" என்பவற்றை ஈகரோடு சேர்த்துப் பாருங்கள், "தேர் இஸ் ஈகர் டு பி எ ஸ்ட்ரைக்" என்பது பைத்தியக்காரத்தனம். ஈகருக்கு மனம் உள்ள எழுவாய் வேண்டும், லைக்லிக்கு எதுவும் போதும். அதே பொருளைத் தரும் ப்ரொபபிள் என்ற சொல்லுக்கோ இந்தச் சுதந்திரம் அறவே கிடையாது. "ஹீ இஸ் ப்ரொபபிள் டு கம்" என்று எங்கள் மேசைக்கு வந்த பிரதிகளில் எத்தனை முறை சிவப்பு மை ஊற்றியிருப்பேன் என்று கணக்கில்லை.

ஷுவர் இன்னும் வஞ்சகமானது. ஒரு தேர்தல் காலத்தில் இளம் நிருபர் ஒருவர், தமக்கு வெற்றி நிச்சயம் என்று வேட்பாளர் ஒருவர் கூட்டத்தில் சொன்னதை, "த கேன்டிடேட் இஸ் ஷுவர் டு வின்" என்று எழுதிக் கொண்டுவந்தார். ஷுவர் டு வின் என்றால் உறுதி எழுதுபவருடையது; வேட்பாளர் வெல்வார் என்று பத்திரிகையே சோதிடம் சொல்வதாகிவிடும். வேட்பாளரின் நம்பிக்கையைச் சொல்ல வேண்டுமானால் "ஷுவர் ஒஃப் வின்னிங்" என்று எழுத வேண்டும். அச்சுக்குப் போக இருபது நிமிடம் இருந்தபோது அதைத் திருத்தினேன். மறுநாள் அந்த நிருபர் என்னிடம் வந்து தம் வாக்கியத்தை ஏன் பலவீனமாக்கினீர்கள் என்று கோபித்துக்கொண்டார். அந்த வேட்பாளர் தோற்ற பிறகுதான் என்னோடு மீண்டும் கதைத்தார்.

பொசிபிளைப் பற்றி ஒன்றே ஒன்று. "த வேர்க் இஸ் இம்பொசிபிள் டு ஃபினிஷ் டுடே" என்று எழுதலாம். முன்னால் உள்ள "இம்" என்பதைக் கழற்றிவிட்டு "த வேர்க் இஸ் பொசிபிள் டு ஃபினிஷ் டுடே" என்று எழுதினால் காது கூசும். "இட் இஸ் பொசிபிள் டு ஃபினிஷ் த வேர்க்" என்று எழுதுங்கள், அல்லது "கேன் பி ஃபினிஷ்ட்" என்று சுருக்கமாக முடியுங்கள். தாய்க்கு இல்லாத உரிமை எதிர்மறைப் பிள்ளைக்கு எப்படி வந்தது என்று காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், வழக்கு அப்படி. இதனால்தான் வாய்பாடுகளைவிட நாளுக்கு நான்கு பக்கம் நல்ல ஆங்கிலம் வாசிப்பது மேல் என்று நான் எப்போதும் சொல்லி வருகிறேன்.

10. மாலைவகுப்பு (செவ்வாய், இரவு 8.45)

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் நாளுக்கு நான்கு பக்கம் வாசிக்கும் வசதி எல்லாப் பிள்ளைக்கும் வீட்டில் இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பேருந்து மாறி என் வகுப்புக்கு வரும் பிள்ளையிடம், பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, வாசித்தால் தானாக வரும் என்று என்னால் சொல்ல முடியாது. பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும். புறவயம் தம்பியின் வாய்பாடு அப்படிப்பட்டது. விதிவிலக்குகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த வாய்பாட்டை இன்னும் ஒரு படி நீட்டலாம் என்று இன்று மாலை வகுப்பில் கண்டேன். "ஐ" மட்டுமல்ல, மற்ற உருபு ஏற்ற சொற்களும் முன்னுக்குப் போகலாம். ஆனால் அவை தம் உருபை ஆங்கில முன்னிடைச்சொல்லாகப் பின்னாலேயே விட்டுப் போக வேண்டும். "பேனையால் எழுதுவது கஷ்டம்" என்பதில் உள்ள "ஆல்", "த பென் இஸ் ஹார்ட் டு ரைட் வித்" என்று கடைசியில் "வித்" ஆகிறது. "அவரோடு கதைப்பது சுலபம்" என்றால் "ஹீ இஸ் ஈஸி டு டோக் டு." "அந்தக் கதிரையில் இருப்பது வசதி" என்றால் "தட் செயார் இஸ் கம்ஃபர்ட்டபிள் டு சிட் ஒன்." ஆங்கில வாக்கியம் இப்படி ஒற்றைச் சொல்லோடு தொங்கிக்கொண்டு முடிவது நம் பிள்ளைகளுக்கு அரைகுறையாகத் தோன்றுவதால், அந்த "வித்", "டு", "ஒன்" என்பவற்றை விட்டுவிடுகிறார்கள். தமிழ் வாக்கியத்தில் என்ன உருபு இருந்தது என்று கேட்டதும் இன்று ஏழு பேரில் ஆறு பேர் சரியாகச் சேர்த்தார்கள். ஏழாவது பிள்ளை யன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

11. கோட்டைக்கணக்கர் (புதன், காலை 6.50)

மிக்க நன்றி. ஒரு மின்னஞ்சலால் இவ்வளவு கற்றுக்கொள்வேன் என்று நினைக்கவில்லை. ஆனால் நேற்று நிறுவனத்தில் இன்னொரு சிக்கல் வந்தது. ஒரு வாடிக்கையாளர் "இட் வோஸ் கைன்ட் ஒஃப் யூ டு வெயிட்" என்று எனக்கு எழுதியிருந்தார். நான் கற்றது ஃபோ. இங்கே ஒஃப் எங்கிருந்து வந்தது? அதோடு, "யூ வேர் கைன்ட் டு வெயிட்" என்று ஆளை எழுவாயாக வைத்தும் எழுதலாமாம். வெயிட் பண்ணியவன் நான். அப்படியானால் வினையைச் செய்தவனே எழுவாயாக நிற்கிறேன். டிஃபிகல்டுக்கு இல்லாத தாராளம் கைன்டுக்கு ஏன்?

12. மாலைவகுப்பு (புதன், பிற்பகல் 1.20)

கைன்ட், வைஸ், ஃபூலிஷ், ரூட், கெயார்லெஸ் போன்ற சொற்கள் செயலையும் செய்தவரையும் ஒரே மூச்சில் எடைபோடுபவை. காத்திருந்த செயலும் அன்பானது. காத்திருந்த நீங்களும் அன்பானவர். குணம் உங்கள் மேல் ஒட்டுவதால் நீங்கள் எழுவாயாக நிற்கலாம். "இட்" கொண்டு தொடங்கினால் உங்களுக்கு முன் "ஒஃப்" வரும். கஷ்டம் உங்கள் மேல் ஒட்டுவதில்லை. வேலையின் மேல்தான் ஒட்டும். ஆகவே ஃபோ.

ஒரே சொல் இரண்டு பக்கமும் போவதைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். காலையில் காலிமுகத்திடலில் நடக்கும் ஒருவரிடம் "இட் இஸ் குட் ஃபோ யூ டு வோக்" என்றால் நடப்பது அவருடைய உடம்புக்கு நல்லது. பக்கத்து வீட்டுக் கிழவியைக் கைபிடித்து நடத்திச் சென்றவரிடம் "இட் வோஸ் குட் ஒஃப் யூ டு வோக் வித் ஹேர்" என்றால் அவருடைய நல்ல மனத்தைப் பாராட்டுகிறோம். மருத்துவர் ஃபோ சொல்வார். நன்றி சொல்பவர் ஒஃப் சொல்வார்.

13. பம்பலப்பிட்டி அம்மா (புதன், மாலை 5.40)

ரெடி என்ற சொல்லை யாரும் தொடவில்லையே. இன்று சூடை மீன் பொரித்து மேசையில் வைத்துவிட்டு, "த ஃபிஷ் இஸ் ரெடி டு ஈட்" என்று மகளைக் கூப்பிட்டேன். மீன் எதைச் சாப்பிடப் போகிறது என்று கேட்கிறாள். நேற்றுப் பொம்மைப் பரிசோதனை செய்ததன் பலன் இது.

14. இரட்டைஏடு (புதன், இரவு 7.15)

பிள்ளையின் கேள்வி சரியானது. ரெடி இரண்டு கட்சியிலும் அங்கத்தவர். "ஐ ஆம் ரெடி டு ஈட்" என்பதில் ஈகரைப் போல எழுவாய் உண்பவர்; பொரித்த மீனில் ஈஸியைப் போல எழுவாய் உண்ணப்படுவது. இந்த ஒன்றில் தமிழும் நமக்குக் கைகொடுக்கவில்லை. "கோழி சாப்பிடத் தயார்" என்று சொன்னால், அது முற்றத்தில் தீனிக்காக நிற்கும் கோழியா, சட்டியில் கிடக்கும் கோழியா என்று நமக்கும் தெரியாது. உருபு விழுந்துவிட்டால் தமிழும் ஆங்கிலத்தைப் போலத்தான் தடுமாறும்.

ஆனால் ரெடியோடு "டு பி ஈட்டன்" என்று செயப்பாட்டு வினையாக்கிக் குழப்பத்தைத் தவிர்க்கலாம். ஈஸியோடு அதைச் செய்யக் கூடாது. "த கணக்கு இஸ் ஈஸி டு பி டன்" என்று எழுதுபவர்கள் இங்கே நிறையப் பேர். ஆசனம் ஏற்கெனவே காலியாக இருப்பதால் "பி டன்" என்ற மேலதிக ஏற்பாடு வேண்டியதில்லை. "ஈஸி டு டூ" போதும். (கணக்கு என்று எழுதிவிட்டேன், கணக்கர் மன்னிக்க வேண்டும்.)

15. கோட்டைக்கணக்கர் (வியாழன், இரவு 9.05)

மன்னிப்பு எல்லாம் வேண்டாம், அண்ணா. இன்று முகாமையாளருக்குப் புதிய மின்னஞ்சல் அனுப்பினேன். "மன்டே இஸ் கன்வீனியன்ட் ஃபோ மீ" என்று எழுதினேன். "ஐ ஆம் கன்வீனியன்ட்" என்று விரல் தட்டத் தொடங்கியதை அழித்துவிட்டுத்தான். "குட்" என்று பதில் வந்தது. அதற்குப் பின்னால் ஃபோவும் இல்லை, ஒஃபும் இல்லை. ஆகையால் யாருக்கு நல்லது என்று தெரியவில்லை.

ஆனால் ஒரு வாக்கியம் இன்னும் உறுத்துகிறது. எங்கள் நிறுவனத்தின் மூத்த பங்காளர் ஒருவருக்குக் காது மந்தம். அவரைப் பற்றி எல்லோரும் "ஹீ இஸ் ஹார்ட் ஒஃப் ஹியரிங்" என்கிறார்கள். "அவருக்குக் கேட்பது கஷ்டம்." அதாவது "கு" உருபு ஏற்றவர், அதுவும் ஹார்ட் என்ற கஷ்டச் சொல்லோடு, எழுவாயாக நிற்கிறார்! வாய்பாடு உடைந்துவிட்டதா?

16. மாலைவகுப்பு (வியாழன், இரவு 9.40)

உடையவில்லை, தம்பி. நம் வாய்பாடு டு-வினைக்கு உரியது. "ஹார்ட் ஒஃப் ஹியரிங்" என்பதில் டுவும் இல்லை, வினையும் இல்லை. அது பழைய காலத்திலிருந்து அப்படியே உறைந்துவிட்ட ஒரு மரபுத்தொடர். "ஹார்ட் ஒஃப் வோக்கிங்" என்று அதைப் பார்த்து வேறொன்று செய்ய முடியாது. அதை டு-வினையாக்கி "ஹீ இஸ் ஹார்ட் டு ஹியர்" என்று சொல்லிப் பாருங்கள். வாய்பாடு உடனே வேலை செய்யத் தொடங்கிவிடும். அவருடைய குரலை மற்றவர்கள் கேட்பது கஷ்டம் என்று பொருள் மாறிவிடும். ஒன்றில் மந்தம் அவர் காதில். மற்றதில் குறை அவர் குரலில்.

17. ஈயஎழுத்து (வியாழன், இரவு 10.15)

சென்ற ஆண்டு மேல்வரிசைப் பற்கள் அனைத்தையும் பிடுங்கியதிலிருந்து எனக்கு இரண்டும் பொருந்தும். மகள் தொலைபேசியில் அழைக்கும்போது நான் ஹார்ட் ஒஃப் ஹியரிங், அவளுக்கு நான் ஹார்ட் டு ஹியர். இனி வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள் என்கிறாள். எழுதினால் பிழை திருத்தி அனுப்புகிறேன் என்று அதற்கும் கோபிக்கிறாள்.